வருங்காலம் தெரிந்தவள் காங்சியின் அரண்மனையில்

இக்காலத்துப் பெண் ஒருத்தி விபத்தில் நினைவிழக்கிறாள். கண் விழிக்கும்போது முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய பெய்ஜிங்கில், பட்டுத் திரைகள் சூழ்ந்த கட்டிலில், யாரோ ஒரு பிரபு வீட்டுப் பெண்ணின் உடலில் கிடக்கிறாள். நடப்பது காங்சி பேரரசரின் ஆட்சி என்று அறிந்ததும் அவள் படித்த வரலாறு முழுவதும் நினைவுக்கு வருகிறது. எந்த இளவரசர் அரியணை ஏறுவார், எவர் காவலில் சாவார் என்பது அந்த அரண்மனையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சீனத் தொடர்களைப் பார்க்கும் வழக்கம் உள்ளவர்கள் இந்தத் தொடக்கத்தைப் பலமுறை கண்டிருப்பார்கள். 2011-ஆம் ஆண்டில் ஹூனான் தொலைக்காட்சி இத்தகைய இரண்டு தொடர்களை ஒளிபரப்பியது. இரண்டிலும் நாயகி போய்ச் சேரும் இடம் காங்சியின் அரசவைதான். அதே ஆண்டில் சீன அரசின் ஒளிபரப்புத் துறை, காலம் கடக்கும் கதைகள் வரலாற்றுக்கு உரிய மதிப்பைத் தருவதில்லை என்று வெளிப்படையாகக் குறைகூறியது. ஆயினும் அவ்வகைக் கதைகள் ஓயவில்லை. அலுவலகப் பெண்ணின் இடத்துக்குக் கல்லூரி மாணவி வந்தாள், மருத்துவம் படிப்பவன் வந்தான். அரசவை மட்டும் மாறவில்லை.

நான் கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். என் மாணவிகளில் பலர் இத்தொடர்களை இரவிரவாகப் பார்ப்பவர்கள். காங்சி பிறந்த சிங் வம்சத்தைப் பற்றி நான் பேசத் தொடங்கினால், பாடத்திட்டத்தில் இல்லாத இளவரசர்களின் பெயர்களைக்கூட அவர்கள் சரியாகச் சொல்வார்கள். அந்த ஆர்வத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அவர்களில் ஒருத்தி ஒருநாள், “மேடம், நீங்க அங்க போனா ஈஸியா பொழச்சுக்குவீங்க. என்ன நடக்கப்போகுதுன்னு உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே” என்றாள். நான் பிழைக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குக் காரணமே என்ன நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரிந்திருப்பதுதான். அன்று வகுப்பு நேரம் முடிந்துவிட்டதால் முழுமையாகச் சொல்ல முடியாத அந்தப் பதிலை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இக்கதைகளின் மையமாக இருக்கும் 1708-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். காங்சி 1661-இல் சிறுவனாக அரியணை ஏறியவர். 1708-இல் அவருக்கு வயது 54. அதுவரை வாரிசு வரிசையில் எண்ணப்பட்ட மகன்கள் மட்டும் இருபது பேர். அவர்களில் யின்ரெங் என்பவரைக் குழந்தைப் பருவத்திலேயே பட்டத்து இளவரசராக அறிவித்திருந்தார். அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் வேட்டைப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், மகன் இரவில் தம் கூடாரத்தருகே வந்து இடுக்கு வழியாக உள்ளே பார்க்கிறான் என்ற அச்சம் பேரரசரைப் பிடித்துக்கொண்டது. அமைச்சர்களையும் படைத் தலைவர்களையும் கூட்டி, அழுதுகொண்டே யின்ரெங்கின் பட்டத்தைப் பறித்தார். அடுத்த சில வாரங்களில் வெளிவந்த செய்திகள்தாம் என் மாணவி கேட்ட கேள்விக்கு நேரடியான விடை.

ஜாங் மிங்தே என்று ஒருவர் இருந்தார். சாமுத்திரிகா லட்சணம் பார்த்துப் பலன் சொல்வது அவர் தொழில். எட்டாவது இளவரசர் யின்சியின் முகத்தைப் பார்த்து, இவர் மிகப் பெரிய நிலையை அடைவார் என்று அவர் சொல்லியிருந்தார். மூத்த இளவரசர் இந்தச் செய்தியைத் தந்தையிடமே கொண்டுபோய்ச் சேர்த்தார். யின்ரெங்கைக் கொல்ல வேண்டுமானால் அதற்குத் தந்தையின் கை தேவையில்லை என்றும் கூறினார். காங்சி அதிர்ந்துபோனார். விசாரணையின் முடிவில் ஜாங் மிங்தேவுக்கு உடலைச் சிறுகச் சிறுக வெட்டிக் கொல்லும் தண்டனை விதிக்கப்பட்டது. அந்த வாக்கைக் கேட்டுவிட்டு உரிய முறையில் தெரிவிக்காமல் இருந்த குற்றத்துக்காக யின்சி தம் பட்டத்தைச் சிறிது காலம் இழந்தார். மூத்த இளவரசர், மங்கோலிய லாமா ஒருவரைக் கொண்டு யின்ரெங்குக்குச் சூனியம் வைத்ததாக மூன்றாவது இளவரசர் குற்றம் சாட்டினார். தேடியபோது புதைத்து வைத்திருந்த பொருள்கள் தோண்டி எடுக்கப்பட்டன. அவரை வீட்டுக் காவலில் அடைத்தார்கள். 1734-இல் இறக்கும்வரை அவர் வெளியே வரவில்லை.

ஆக, ஓர் இளவரசரின் எதிர்காலத்தைப் பற்றி வாய் திறந்தவர் மரணத்தைச் சந்தித்தார். அதைக் கேட்டவர் தண்டனை பெற்றார். எதிர்காலத்தை மாற்ற முயன்றவர் இருபத்தாறு ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தார். தொடர்களின் நாயகி செய்வது இந்த மூன்றையுமேதான். விருப்பமான இளவரசரிடம் ஜாக்கிரதையாக இருக்கும்படி சொல்கிறாள், நான்காவது இளவரசரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள் என்று எச்சரிக்கிறாள், நடக்கவிருப்பதைத் தடுக்கப் பார்க்கிறாள். வாரிசு யார் என்ற கேள்வி பேரரசர் ஒருவருக்கு மட்டுமே உரியது என்பது அந்த அரசவையின் அடித்தளமான விதி. சரியான விடை தெரிந்திருப்பது அங்கே குற்றத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது, ஏனென்றால் சரியான விடையைச் சொல்பவருக்குப் பின்னால் ஒரு சதி இருந்தாக வேண்டும் என்றுதான் எந்தப் பேரரசரும் நினைப்பார். யின்ரெங்கை 1709-இல் மீண்டும் பட்டத்து இளவரசராக்கி, 1712-இல் மீண்டும் நீக்கிய பிறகு, காங்சி அந்தப் பேச்சையே விரும்பவில்லை. யின்ரெங்குக்குப் பட்டத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 1718-இல் விண்ணப்பம் எழுதிய ஜூ தியன்பாவ் என்ற இளம் அதிகாரிக்கு மரண தண்டனை கிடைத்தது. 1722-இல் காங்சி இறந்து நான்காவது இளவரசர் யோங்செங் பேரரசரானதும் அவர் செய்த முதல் சில ஏற்பாடுகளில் ஒன்று, வாரிசின் பெயரை எழுதிப் பெட்டியில் இட்டு, சியென்சிங் மாளிகையில் உயரே தொங்கும் பெயர்ப் பலகைக்குப் பின்னால் வைத்ததாகும். தம் உடன்பிறந்தவர்களோடு பட்ட அனுபவத்திலிருந்து அவர் கற்றது அது: வாரிசின் பெயர் யாருக்கும் தெரியக் கூடாது.

இளவரசர்களின் எதிர்காலம் இருக்கட்டும், வானத்தின் எதிர்காலத்தை அறிவிப்பதும் அரசின் உரிமையாகவே இருந்தது. கிரகணம் எப்போது, திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் உகந்த நாள் எது என்பதை வானியல் துறையே கணித்துச் சொல்லும். அத்துறையின் தலைமைக்கு ஜெர்மானியரான இயேசு சபைப் பாதிரியார் ஆடம் ஷால் வந்திருந்தார். இளம் பேரரசர் ஷுன்சி அவரைத் தாத்தா என்று அழைக்குமளவுக்கு நெருக்கம் இருந்தது. 1661-இல் ஷுன்சி பெரியம்மையால் இறந்தபோது, ஏற்கெனவே அம்மை கண்டு பிழைத்த மகனையே அடுத்த பேரரசராக்கலாம் என்ற கருத்துக்கு ஷால் துணைநின்றார். அந்த மகன்தான் காங்சி. அரசவையில் இதைவிடச் செல்வாக்கான இடம் ஓர் அந்நியருக்குக் கிடைத்திருக்க முடியாது. மூன்றே ஆண்டுகளில், யாங் குவாங்ஷியென் என்பவர் அவர்மீது வழக்குத் தொடுத்தார். இறந்த குழந்தை இளவரசர் ஒருவரின் அடக்கத்துக்குத் தீய நேரத்தைக் குறித்துக் கொடுத்ததே அரச குடும்பத்துச் சாவுகளுக்குக் காரணம் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. பக்கவாதத்தால் பேச்சிழந்திருந்த ஷாலுக்காக இளையவரான வெர்பீஸ்ட் பேசினார். 1665-இல் ஷாலுக்கும் சிறுகச் சிறுக வெட்டிக் கொல்லும் தண்டனையே விதிக்கப்பட்டது. அந்த நாள்களில் பெய்ஜிங்கை உலுக்கிய நிலநடுக்கம் வானத்தின் சினமாகக் கொள்ளப்பட்டதால் அவர் உயிர் தப்பினார். அவருடன் பணிசெய்த சீனக் கிறித்தவ வானியலாளர்கள் ஐந்து பேரின் தலைகள் வெட்டப்பட்டன. ஷால் அடுத்த ஆண்டு இறந்தார். கிரகண நேரத்தை நாயகி முன்கூட்டியே சொல்லி எல்லோரையும் வியக்கவைக்கும் காட்சி வரும்போதெல்லாம் அந்த ஐந்து பேரை நினைக்காமல் என்னால் பார்க்க முடிவதில்லை.

கடந்த காலம் தெரிந்திருப்பதும் ஆபத்தில்லாததன்று. டாய் மிங்ஷி என்ற அறிஞர் 1709-ஆம் ஆண்டு உயர் தேர்வில் நாட்டிலேயே இரண்டாம் இடம் பெற்றவர். சிங் வம்சத்துக்கு முன் ஆண்ட மிங் வம்சத்தின் கடைசிக் காலம் மறக்கப்பட்டுவிடக் கூடாது என்ற அக்கறையில், அவர் முன்பு எழுதிய எழுத்துகளில், வீழ்ந்துகொண்டிருந்த மிங் அரசர்களின் ஆட்சிப் பெயர்களைக்கொண்டு ஆண்டுகளைக் குறித்திருந்தார். 1711-இல் அது குற்றமாக எழுப்பப்பட்டது. 1713-இல் அவர் கொல்லப்பட்டார். ஆண்டைக் குறிக்கும் முறையே தேசத்துரோகமாக எண்ணப்பட்ட காலத்தில், ‘யோங்செங்’, ‘சியன்லாங்’ என்று இன்னும் பிறக்காத ஆட்சிப் பெயர்கள் மனப்பாடமாக இருக்கும் மாணவியின் நாக்கு ஒருமுறை தடுமாறினால் என்ன ஆகும்? பேரரசரின் இயற்பெயரில் உள்ள எழுத்தை எவரும் முழுமையாக எழுதக் கூடாது. அதற்காகவே அரண்மனையின் வடக்கு வாயிலின் பெயரையே மாற்றினார்கள். இன்று பயணிகள் வெளியேறும் ஷென்வு வாயில் அதுதான்.

கதாசிரியர்கள் இதையெல்லாம் அறியாதவர்கள் அல்லர். உடலோடு போகாமல் உயிர் மட்டும் வேறோர் உடலில் புகுவதாக அவர்கள் பெரும்பாலும் எழுதுவதற்கு, எனக்குத் தெரிந்தவரை, நல்ல காரணம் இருக்கிறது. உடலோடு போகும் மாணவனை முதலில் காட்டிக்கொடுப்பது அவன் தலைமுடி. 1645-இல், சிங் வம்சத்தை நிறுவிய மஞ்சு இனத்தார் பிறப்பித்த ஆணைப்படி ஆண்கள் எல்லோரும் முன்தலையை மழித்துப் பின்னால் சடை வளர்க்க வேண்டும்; மறுப்பது கலகம். பின்னாளில், 1768-இல், சடையை வெட்டி உயிரைத் திருடுகிறார்கள் என்ற வதந்தி கீழைச் சீனத்தில் கிளம்பிப் பல மாகாணங்களுக்குப் பரவியபோது, ஊர் பேர் தெரியாத பிச்சைக்காரர்களும் துறவிகளும் பிடித்துச் சித்திரவதை செய்யப்பட்டார்கள். இறுதியில் உருப்படியான சான்று எதுவும் கிடைக்கவில்லை. பெண்ணுக்கு அந்தச் சிக்கல் இல்லை. மஞ்சுப் பெண்கள் சீனப் பெண்களைப் போலக் கால்களைக் கட்டிச் சிறிதாக்குவதில்லை என்பதால், அவள் கட்டாத காலோடு மஞ்சுப் பெண்ணாக நடமாடலாம். ஆனால் அரண்மனைக்குள் அவள் எப்படி நுழைவாள்? மனைவியர் தேர்வுக்கு, எட்டுக் கொடிப்படைகள் எனப்பட்ட மஞ்சு ஆட்சியின் படைப்பிரிவுகளைச் சேர்ந்த குடும்பங்களின் மகள்கள் பதிவேட்டிலிருந்து அழைக்கப்பட்டார்கள். பணிப்பெண்கள் அரண்மனைத் துறைக்கு உட்பட்ட ஊழியக் குடும்பங்களிலிருந்து எடுக்கப்பட்டார்கள். தந்தையின் பெயரும் படைப்பிரிவும் ஏட்டில் இல்லாத பெண்ணுக்கு அங்கே நிற்க ஒரு சாண் இடம் கிடையாது.

எல்லாவற்றையும்விட என்னைச் சிந்திக்க வைப்பது பெரியம்மை. அந்த நோய் ஒழிந்துவிட்டதாக உலகச் சுகாதார அமைப்பு அறிவித்தது 1980-இல். அதற்குப் பின் பிறந்த என் மாணவிகள் யாருக்கும் அந்தத் தடுப்பூசி போடப்படவில்லை. தோளில் அந்தத் தழும்பு அவர்கள் பாட்டிகளுக்குத்தான் இருக்கும். சிங் அரசவையோ மனிதர்களையே இந்த நோயை வைத்துத்தான் பிரித்தது. அம்மை காணாத மங்கோலியப் பிரபுக்கள் பெய்ஜிங்குக்கு வரத் தேவையில்லை; அவர்களை வடக்கே உள்ள கோடைக்கால வாசத்தலங்களில் பேரரசர் சந்தித்தார். காங்சி அரியணைக்கு வந்ததற்கே அம்மைத் தழும்பு ஒரு காரணம் என்று மேலே பார்த்தோம். தம் குடும்பத்தாருக்கு அம்மைப் பொருக்கைக் கொண்டு காப்புச் செய்யும் முறையை அவர் பரப்பினார். நம் காலத்திலிருந்து உடலோடு போகும் மாணவி அந்த நகரத்தில் எந்தச் சதியிலும் சிக்குவதற்கு முன்னால் இந்த நோயில் விழுவாள்.

படித்தவள் என்ற பெருமையும் அங்கே நெடுநாள் நிற்காது. மூன்றாம் நாளே அவள் இளவரசர்களை அறிவில் மிஞ்சிவிடுவதாகக் காட்டுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. இளவரசர்களின் பள்ளி விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். பின்னாளில் யோங்செங்கின் மகன் சியன்லாங்கின் ஆட்சியில் அரண்மனையில் பணிபுரிந்த ஜாவ் யி என்ற அறிஞர், இருட்டு விலகாத நேரத்தில் தாம் தூணில் சாய்ந்து அரைத் தூக்கத்தில் இருந்தபோது, வெள்ளைத் துணி விளக்கு ஒன்று லோங்சோங் வாயிலுக்குள் நுழைவதைப் பார்த்ததாகவும், அது பாடசாலைக்குப் போகும் இளவரசர்களுக்கான விளக்கு என்றும் எழுதியிருக்கிறார். ஏழை அறிஞர்களான நாங்கள் படிப்பை நம்பியே சோறு உண்கிறோம், எங்களாலேயே இவ்வளவு அதிகாலையில் எழ முடிவதில்லை என்று அவர் வியக்கிறார். மஞ்சு, சீனம், மங்கோலியம், வில்வித்தை, குதிரையேற்றம் எல்லாம் உண்டு. ஒரு பகுதியை நூற்றிருபது முறை வாசித்து மனத்தில் பதிப்பதைக் காங்சி வழக்கமாக வைத்திருந்தார். மகன்களிடமும் அதையே எதிர்பார்த்தார். நடுவயதில் யூக்ளிடின் வடிவியலைப் பிரெஞ்சுப் பாதிரியார்களிடம் மஞ்சு மொழியில் பாடம் கேட்டவரும் அவரே. நமது மாணவிக்கோ, சீனத்திலேயே பிறந்து வளர்ந்திருந்தாலும், கையில் தூரிகை நிற்காது. அவள் படித்த எளிய எழுத்து வடிவங்கள் 1950-களில் அரசு வகுத்தவை. நிறுத்தற்குறி இல்லாத பழஞ்சீன உரைநடையை ஓடவிட்டுப் படிக்கவும் அவளுக்குப் பயிற்சி இருக்காது. அந்த அவையில் அவள் கடைசி வரிசை மாணவியாகத்தான் தொடங்குவாள். அப்படித் தொடங்கும் கதை இதைவிடச் சுவையாக இருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்படியானால் வெளியிலிருந்து வந்த எவருமே அங்கே பிழைக்கவில்லையா என்றால், பிழைத்தார்கள். தொலைதூர உலகத்திலிருந்து வேறோர் அறிவைச் சுமந்துகொண்டு அந்த அரசவைக்குள் உண்மையாகவே விழுந்தவர்கள் இயேசு சபையார்தாம். அவர்களில் நிலைத்தவர்களைக் கூர்ந்து பார்த்தால், அவர்கள் கையில் அரண்மனைக்குத் தேவையான வேலை ஒன்று இருந்தது தெரியும். மத்தேயோ ரிச்சி 1601-இல் பெய்ஜிங்குக்குள் வந்தபோது கொண்டுவந்த பரிசுகளில் தானே மணியடிக்கும் கடிகாரங்கள் இருந்தன. அப்போது ஆண்ட மிங் வம்சத்து வான்லி பேரரசரின் முகத்தை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. வெற்று அரியணையின் முன்தான் வணங்கினார். ஆனால் கடிகாரம் நின்றுபோனால் சரிசெய்ய ஆள் வேண்டும். ஆண்மை நீக்கப்பட்ட அரண்மனைப் பணியாளர்களான அண்ணகர்களுக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவரை ஊரைவிட்டு அனுப்புவது எளிதாக இல்லை. 1610-இல் அவர் அந்த நகரத்திலேயே இறந்தார். வெர்பீஸ்ட் தம் மூத்த பாதிரியார் ஷாலின் பெயரை மீட்டதும் இந்த வழியில்தான். வருங்காலத்தைப் பற்றிய வாக்கு எதையும் அவர் சொல்லவில்லை. 1668-இன் இறுதியில், நட்டு வைத்த கோலின் நிழல் நண்பகலில் எங்கே விழும் என்று அதிகாரிகள் முன்னிலையில் கோடு போட்டுக் காட்டினார். நிழல் அங்கேயே விழுந்தது. யாரும் தம் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய அறிவு அது. அடுத்த ஆண்டு வானியல் துறை அவரிடம் வந்தது. அவர் வார்ப்பித்த வெண்கலக் கருவிகள் பெய்ஜிங்கின் பழைய வானியல் மேடையில் இன்றும் நிற்கின்றன.

1693-இல் காங்சி மலேரியாக் காய்ச்சலில் விழுந்தபோது ஃபோந்தனே, விஸ்தெலூ என்ற இரு பிரெஞ்சுப் பாதிரியார்கள் சிங்கோனா பட்டையைக் கொண்டுவந்தார்கள். அதில் நமக்கும் ஓர் ஒட்டு உண்டு: அந்த ஒரு பவுண்டு பட்டையை அவர்களுக்கு அனுப்பி வைத்தவர் புதுச்சேரியில் இருந்த தோலு பாதிரியார். பேரரசர் உடனே அதைக் குடித்துவிடவில்லை. முதலில் காய்ச்சல்காரர்கள் சிலருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பின்னர் உயர் அதிகாரிகள் நோயில்லாத தங்கள் உடம்பிலேயே குடித்துச் சோதித்தார்கள். அதன் பிறகே மருந்து பேரரசரிடம் போனது. குணமானதும் அவர் பாதிரியார்களுக்கு அரச நகரத்துக்குள்ளேயே வீடு தந்தார். நவீன மருத்துவம் படித்த மாணவன் ஒருவன் போனால் அவனுக்கும் இதே வழிதான்: சொல்லால் நம்ப வைக்க முடியாது, படிப்படியாகச் சோதனைக்கு உட்பட வேண்டும், அதுவரை பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

என் மாணவி இந்தக் கதையை எழுதுவதாக இருந்தால் அவளிடம் ஒன்று சொல்வேன். அதே 1708-ஆம் ஆண்டின் கோடையில், யின்ரெங்கின் பட்டம் பறிபோவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, பூவே, ரெஜிஸ், ஜார்த்து என்ற மூன்று பாதிரியார்கள் பெருஞ்சுவரை அளக்கப் புறப்பட்டார்கள். அது விரிந்து பேரரசு முழுவதையும் அளக்கும் பணியாயிற்று. கயிறும் கோணமானியும் கொண்டு முக்கோணம் முக்கோணமாக அளந்து, பத்து ஆண்டுகளில் வரைபடத் தொகுப்பை முடித்துக் காங்சியிடம் கொடுத்தார்கள். 1709-இல் கொரிய எல்லைப் பக்கம் அளந்துகொண்டிருந்த ஜார்த்து, வழியில் கண்ட ஜின்செங் செடியை வரைந்து, அதன் பயனை விளக்கி 1711-இல் எழுதிய கடிதத்தைப் படித்த இன்னொரு பாதிரியார் அதன் இனத்தைக் கனடாவின் காடுகளில் தேடிக் கண்டுபிடித்தார். அந்த அளவைக் குழுக்களோடு மஞ்சு அதிகாரிகளும் சீன உதவியாளர்களும் சென்றார்கள். அரண்மனையில் உடன்பிறந்தவர்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்துக் கொண்டிருந்த அதே மாதங்களில், இவர்கள் மலைமீது ஏறி, ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் உள்ள தொலைவைக் குறித்துக்கொண்டிருந்தார்கள். கட்டடப் பொறியியலோ புவியியலோ படிக்கும் பெண், முறையான ஓர் உடலும் பெயரும் கிடைத்து, ஆண் உடை அணிந்து அந்தக் குழுவில் கணக்கெழுதுபவளாகச் சேர்ந்துவிட்டால், அவளுக்குத் தெரிந்த கோணவியல் அங்கே உண்மையாகவே பயன்படும். எட்டாவது இளவரசர் 1726-இல் அரச குலத்திலிருந்து நீக்கப்பட்டு, பெயரும் மாற்றப்பட்டுக் காவலில் சாவார் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். அதை அவள் யாரிடமும் சொல்ல வேண்டிய தேவை வராது. எட்டாம் அத்தியாயம்வரை எந்த இளவரசரும் வராத அந்தக் கதையை அவள் எழுதினால், முதல் வாசகியாக நான் இருக்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.